நகரம் கேட்கும் மான்யமும் கடைமடை நிலங்களும்

ஓர் ஆற்றின் யோக்கியதையை அறிய விரும்புவோர், அது மலையில் உற்பத்தியாகும் இடத்தைப் பார்ப்பதைவிடக் கடலிற் சேரும் இடத்தைப் பார்ப்பதே தக்கதாகும். மலையில் எந்த ஆறும் தெளிவாகவே இருக்கும். வழிநெடுக மனிதர் அதற்குச் செய்த நன்மையும் தீமையும் ஒருங்கே தெரிவது முகத்துவாரத்தில்தான். பொதிகை மலையிற் பிறந்து, சுமார் 80 மைல் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவிற் கலக்கும் தாமிரபர்ணிக்கும் இது பொருந்தும்.

ஆறுகளையும் ஓடைகளையும் குளங்களையும் சீர்படுத்தவும், அவற்றின் கரையோரத்து வெற்று நிலங்களைப் பாதுகாக்கவும், நகர சபைகள் மத்திய சர்க்காரிடமும் மாநில சர்க்காரிடமும் மான்யம் கோருவது இந்நாளில் வழக்கமாகி வருகிறது. திருநெல்வேலி மாநகராட்சியும் இவ்வாறு பொருளுதவி நாடும் ஸ்தல ஸ்தாபனங்களில் ஒன்று. "இது பட்டணத்தார் காரியம், நமக்கென்ன?" என்று கிராமத்துக் குடியானவர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதையும், இம்மான்யங்கள் எவ்விதம் கிடைக்கின்றன, அவற்றால் எது ஆகும், எது ஆகாது என்பதையும், ஆயக்கட்டுதாரர்கள் கவனிக்க வேண்டியவை இவை என்பதையும் எடுத்துக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஆறும் அணைக்கட்டுகளும்

தாமிரபர்ணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து முறையே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பன அவற்றின் பெயர்கள். முதல் ஏழும் பழமையானவை. ஸ்ரீவைகுண்டம் அணை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. இவ்வெட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிந்து, கார், பிசானம் என்ற இரு போகத்துக்கும் ஜலம் அளிக்கின்றன. இவற்றால் பாசனம் பெறும் நிலம் 86,000 ஏக்கருக்கு மேற்பட்டது.

இவ்வணைக்கட்டுகளின் வரிசையில் திருநெல்வேலி நகரம் இருக்கும் இடத்தை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அது சுத்தமல்லி அணைக்குக் கீழே, மருதூர் அணைக்கு மேலே இருக்கிறது. சுத்தமல்லியிற் பிரியும் நெல்லைக்கால் நகரத்தின் ஊடே சென்று நயினார்குளத்துக்கு ஜலம் கொடுக்கிறது. பழவூரிற் பிரியும் பாளையங்கால் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பகுதிகளைக் கடந்து போகிறது. ஆகவே, நகரத்திலிருந்து ஆற்றில் விழும் எதுவும் மருதூர் மேலக்கால், மருதூர் கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், ஸ்ரீவைகுண்டம் தென்கால் என்னும் நான்கு கால்வாய்களின் தலைமதகுக்கு வந்தே தீரும். கடம்பாகுளத்து நெல்வயலும், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும், ஏரல் வாழைத் தோட்டமும், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள கோரம்பள்ளம் குளமும் இந்நான்கின் ஜலத்தையே நம்பியிருக்கின்றன. ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு 2023-ம் வருஷத்தில் வழங்கப்பட்டது. அப்பெயர் நிலைப்பதும் ஆற்று ஜலத்தின் தன்மையையே பொறுத்தது.

நகரத்தால் விளையும் கெடுதி

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூரும் சேர்ந்து 1994-ம் வருஷத்தில் மாநகராட்சி ஏற்பட்டது. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அதில் 4,73,000 பேருக்கு மேல் வசித்தனர். இவ்வளவு ஜனங்கள் உபயோகித்துக் கழித்த ஜலம் தினந்தோறும் எங்கேனும் போய்த்தான் ஆகவேண்டும். பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் முதற் கட்டத்தில் நகரத்தின் ஒரு பகுதி மட்டுமே சேர்ந்தது. அக்கழிவு ராமையன்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்றது. மற்றப் பகுதிகளிற் பிறந்த கழிவு, பாசனக் கால்வாய்களின் வழியாகவும் ஓடைகளின் வழியாகவும் ஆற்றை அடைந்து வந்தது. 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் தாமே நேரில் வந்து, சாக்கடை ஆற்றிற் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டார்கள் என்பதே இவ்விஷயத்தின் முக்கியத்துவத்தைக் காட்டும்.

சாக்கடை ஜலம் ஆற்றிற் கலப்பதால் நேரும் கெடுதி எவ்விதமானது என்பதைச் சிறிது விளக்குவோம். அதிலுள்ள அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று ஜீரணிக்கின்றன. அப்போது ஜலத்திற் கரைந்திருக்கும் பிராணவாயு செலவாகிறது. இச்செலவு லிட்டர் ஒன்றுக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால்தான் அந்த ஜலம் ஸ்நானத்துக்குத் தக்கது என்பது இந்நாட்டில் ஏற்பட்ட அளவு. செலவு மிகுந்தால் மீன்கள் மூச்சின்றி மடியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ம் வருஷத்தில் தேச முழுவதிலும் அசுத்தமடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைக் குறித்தது. அவற்றுள் தாமிரபர்ணியில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையுள்ள நீளமும் சேர்ந்திருந்தது.

"சாக்கடையில் எருச்சத்து உண்டல்லவா? அது வயலுக்கு நன்மைதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. எருச்சத்து உண்டென்பது மெய்யே. ஆனால் நாம் இடும் எருவுக்கு அளவும் பருவமும் உண்டு; சாக்கடைக்கு இரண்டும் இல்லை. கதிர் வாங்கும் சமயத்திலும் தழைச்சத்து வயலிற் பாய்ந்துகொண்டே இருந்தால், நெற்பயிர் இலை மிகுந்து, தாள் மெலிந்து, சாய்ந்துவிடுகிறது. குலைநோய்க்கும் அது இடங்கொடுக்கிறது. வெங்காயத் தாமரை முதலிய அமலைச் செடிகள் அதே சத்தை உண்டு கால்வாயை மூடிக்கொள்கின்றன. அமலை அடைத்த காலில் ஜலத்தின் ஓட்டம் தடைப்படுகிறது. தலைமதகில் முழு அளவு திறந்தாலும் கடைமடைக்குப் பாதியும் வந்து சேருவதில்லை. பிளாஸ்டிக் பைகள் மடைவாயை அடைப்பதும், நடவு செய்யும் பெண்களுக்குக் காலிற் சொறி உண்டாவதும் இதனோடு சேர்ந்த தொல்லைகள். கோடையில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இருப்புக் குறைந்து ஆற்றில் ஓட்டம் சுருங்கும்போது, நல்ல ஜலம் குறைந்து சாக்கடையின் விகிதம் ஏறுகிறது. ஆகையால் ஜலம் மிக அருமையாக உள்ள காலமே அது மிகக் கெட்டிருக்கும் காலமுமாகும். திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் எத்தனையோ ஊர்களுக்கு ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்தே குடிநீர் போகிறது என்பதையும் மறத்தலாகாது.

முகத்துவாரத்தில்

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இப்போது கடலுக்குப் பல மைல் உள்ளே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் துறையும் கடலை இழந்துவிட்டது. ஆறு வண்டல் கொணர்ந்து நிலத்தை வளர்த்ததே இதற்குக் காரணம். ஆற்றின் முகம் ஒரே இடத்தில் நிற்பதன்று. அது அசைவதற்கு இடம் வேண்டும் என்பதை இவ்வூர்களின் சரித்திரம் காட்டுகிறது.

ஆற்றிலிருந்து நல்ல ஜலம் இடைவிடாது கடலை நோக்கி வந்தால்தான் கடலின் உப்பு ஜலம் எதிரேறி வராமல் நிற்கும். ஆற்று மணலும் இதற்கு உதவி செய்கிறது. மணல் மழைக்கால ஜலத்தைத் தன்னுட் பிடித்துவைத்துக் கோடையில் மெல்ல விடுகிறது. மணலை அளவின்றி வாரியபோது ஆற்றுப் படுகை தாழ்ந்தது. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2010-ம் வருஷத்தில் தாமிரபர்ணியில் ஐந்து வருஷ காலத்துக்கு மணல் எடுப்பதைத் தடைசெய்தது. படுகை தாழ்ந்து ஓட்டமும் குறைந்தால், முகத்துவாரத்தை அடுத்த கிணறுகள் உவராகும். கிணறு உவரானால் வாழையும் வெற்றிலையும் நிற்கமாட்டா.

புன்னக்காயலின் உப்பங்கழிகளில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. ஆற்று ஜலமும் கடல் ஜலமும் கலக்கும் இடத்தில்தான் அவை செழிக்கும். இறாலும் பலவகை மீன்களும் குஞ்சுப் பருவத்தில் அவற்றின் வேர்களிடையே வளருகின்றன. ஆற்று ஜலம் கெட்டாலும் குறைந்தாலும் இம்மரங்கள் குன்றும்; பரதவரின் வலையும் குறையும். ஆகவே நகரம் ஆற்றுக்குச் செய்வதன் பலனை உழுபவரும் மீன் பிடிப்பவரும் சமமாகவே அநுபவிக்கிறார்கள்.

மான்யம் கிடைக்கும் விதம்

நகரசபைகள் நாடக்கூடிய வழிகள் பல. தேசிய ஆறுகள் பாதுகாப்புத் திட்டம் 1995-ம் வருஷத்தில் ஏற்பட்டது. சாக்கடையைத் தடுத்துத் திருப்பிச் சுத்தி செய்யும் வேலைகளுக்கு அதிற் பணம் கிடைக்கும். செலவில் 60 பங்கு மத்திய சர்க்காரும் 40 பங்கு மாநிலமும் ஏற்பது இப்போதைய ஏற்பாடு. தாமிரபர்ணியும் அத்திட்டத்திற் சேர்க்கப்பட்ட ஆறுகளுள் ஒன்று. நகரங்களின் குடிநீர், சாக்கடை, குளச் சீரமைப்பு, பூங்கா ஆகியவற்றுக்காக 'அம்ருத்' இரண்டாம் திட்டம் 2021-ம் வருஷம் அக்டோபரில் தொடங்கி, 2025-26 வரைக்குமென வகுக்கப்பட்டது. ஈரநிலங்களுக்கென்று தமிழ்நாடு ஈரநில இயக்கமும், கடற்கரைக்கென்று நெய்தல் மீட்சி இயக்கமும் மாநில சர்க்காரால் ஏற்படுத்தப்பட்டன.

பணம் எவ்வாறு வருகிறது என்பதை ஓர் உதாரணத்தால் அறியலாம். அம்ருத் இரண்டாம் திட்டத்தில், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை ஜனத்தொகையுள்ள நகரத்துக்கு மத்திய சர்க்காரின் பங்கு மூன்றில் ஒன்று. அப்பங்கும் 20, 40, 40 சத விகிதமாக மூன்று தவணைகளில் வரும். ரூ. 90 லட்சம் பிடிக்கும் ஒரு குளச் சீரமைப்பை எடுத்துக்கொண்டால், மத்தியப் பங்கு ரூ. 30 லட்சம். அதில் முதலிற் கைக்கு வருவது ரூ. 6 லட்சம் மட்டுமே. வேலை நடந்ததென்று பரிசோதனையில் தெரிந்தபின் ரூ. 12 லட்சமும், கடைசியில் மற்றொரு ரூ. 12 லட்சமும் வரும். மிகுந்த ரூ. 60 லட்சத்தை மாநிலமும் நகரமும் தேட வேண்டும். ஆகவே மான்யம் கோரும் நகரம் தன் பங்கையும் சேர்த்து வைத்திருத்தல் அவசியம்.

விண்ணப்பத்தோடு விரிவான திட்ட அறிக்கை ஒன்றும் வேண்டும். எத்தனை இடங்களில் சாக்கடை விழுகிறது, ஒவ்வொன்றிலும் தினம் எத்தனை லிட்டர், ஜலத்தின் தன்மை என்ன, வேலை செய்யும் நிலம் யாருக்குச் சொந்தம், எல்லைக் கல் நட்டாயிற்றா, முடிந்தபின் பராமரிப்பவர் யார் என்ற விவரங்கள் அதில் அடங்கியிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். அல்லது பணம் வந்தும் வேலை நடுவில் நிற்கலாம்.

மான்யத்தால் ஆகாதவை

மான்யம் பெரும்பாலும் கட்டுவதற்கே கிடைக்கும். கட்டியதைக் காப்பதற்குக் கிடைப்பது அரிது. சாக்கடையை ஏற்றும் பம்புக்கு மின்சாரக் கட்டணமும், குழாயைச் சுத்தம் செய்யக் கூலியும், இயந்திரத்துக்கு உதிரிச் சாமான்களும் வருஷந்தோறும் ஸ்தல ஸ்தாபனமே கொடுக்க வேண்டும். அதற்குப் பணமின்றிப் பம்பு ஒரு நாள் நின்றால், அன்று சாக்கடை பழைய வாய்க்கால் வழியாகவே ஆற்றுக்குத் திரும்பும். தூர் எடுத்த குளமும் அவ்வாறே. வரத்துக் காலில் சாக்கடை விழுந்துகொண்டிருந்தால் இரண்டொரு வருஷத்தில் அமலை மறுபடி மூடிக்கொள்ளும்.

மற்றொரு குறையும் உண்டு. ஒவ்வொரு திட்டமும் ஆற்றின் ஒரு துண்டையே பார்க்கிறது. நகரத் திட்டத்துக்கு நகர எல்லையோடு வேலை முடிந்தது. ஈரநிலத் திட்டம் குளத்தைக் கவனிக்கும். கடற்கரைத் திட்டம் முகத்துவாரத்தைக் கவனிக்கும். தாமிரபர்ணியும் அதன் உபநதிகளுமோ தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய மூன்று ஜில்லாக்களைத் தொடுகின்றன. குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியிற் சேர்ந்த பிறகே ஆறு மருதூரை நோக்கிச் செல்கிறது. நகரத்தின் கீழெல்லையில் மாத்திரம் ஜலத்தைச் சோதித்து 'வேலை முடிந்தது' என்று எழுதிவிட்டால் கடைமடைக்கு நியாயம் கிடைத்ததாகாது. மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் தலைமதகில் ஜலத்தைச் சோதித்து, வேலைக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று கணக்குக் காட்டுவதே சரியான பரீட்சை.

வெற்று நிலத்தின் பயன்

கரையோரத்தில் கட்டிடமின்றிக் கிடக்கும் நிலத்தைப் பலர் வீணென்று கருதுகிறார்கள். உண்மையில் அது ஆற்றின் ஓர் அங்கம். வெள்ளம் வரும்போது அங்கே பரவி வேகம் தணிகிறது. வண்டல் அங்கே படிகிறது. ஜலம் பூமிக்குள் இறங்குகிறது. நாணலும், மருது, புன்கு, நாவல் முதலிய மரங்களும் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபர்ணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போயிற்று. ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. அத்தனை மழையை எந்த ஏற்பாடும் முழுதும் தடுக்காது. ஆயினும் வெள்ளம் பரவுவதற்கென்று இருந்த இடத்தை நாம் அடைத்துவிட்டால், அது நம் வீட்டையும் வயலையும் தேடி வருகிறது.

சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டு, தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் 2011-ம் வருஷத்தில் திறக்கப்பட்டது. குப்பையை வாரி, கடல் ஓதம் உள்ளே வந்து போக வழி செய்து, அவ்விடத்துக்குரிய மரஞ்செடிகளை நட்டார்கள். நிலம் கட்டிடமாகிவிடாமல் காலியாக நின்றதனாலேயே இது சாத்தியமாயிற்று. கட்டிடம் எழும்பிய பின் அதை மீட்பதற்கு எந்த மான்யமும் போதாது.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தார் செய்ததும் கவனிக்கத்தக்கது. அந்நகரத்தின் குடிநீர் தொலைவிலுள்ள மலைப்பிரதேச நீர்ப்பிடிப்பிலிருந்து வருகிறது. பெருஞ் செலவில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, அப்பிரதேசத்துக் கிராமங்களோடு அந்நகரம் 1997-ம் வருஷத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. விற்க இசைந்தவரிடமிருந்து மட்டும் ஆற்றோரத்து நிலங்களை வாங்கிக் காலியாக வைத்தது. பண்ணைகளில் சாணமும் உரமும் ஓடையில் விழாதபடி தடுக்கும் வேலைகளுக்கும் நகரமே பணம் கொடுத்தது. நகரத்தின் பணம் குடியானவனின் நிலத்தில் நகரத்தின் நன்மைக்காகவே செலவாயிற்று. அங்கே மேலிருப்பது கிராமம், கீழிருப்பது நகரம். தாமிரபர்ணியிலோ நகரம் மேலும் வயல் கீழுமாக நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் மேலே உள்ளவனும் கீழே உள்ளவனும் ஒரே கணக்கிற் சேர்ந்தவர்கள் என்ற கொள்கை இரண்டிடத்துக்கும் பொதுவே.

ஆயக்கட்டுதாரர் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் விவசாயிகள் சும்மாயிருந்து பலனை மட்டும் எதிர்பார்த்தல் கூடாது. கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்.

1. கால்வாய், வரத்துக்கால், குளம், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றின் எல்லையைக் கிராமப் படத்தோடு ஒத்துப் பார்த்து, கல் நடும்படி ரெவின்யூ இலாகாவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ம் வருஷத்துச் சட்டம் இடம் அளிக்கிறது. எல்லை நிச்சயமாகாத நிலத்தில் மான்ய வேலை நடக்காது.

2. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள், 2000-ம் வருஷத்துப் பாசன நிர்வாகச் சட்டப்படி விவசாயிகளுக்கு அமைந்தவை. மாநகராட்சி திட்டம் தயாரிக்கும்போது, மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்ச் சங்கத்தார் தங்கள் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும்.

3. எந்த மடையில் எந்த மாதத்தில் ஜலம் கறுத்து வருகிறது, எங்கே அமலை அடைக்கிறது என்று தேதியுடன் குறிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லைவிட இவ்விதக் குறிப்பே அதிகாரிகளிடம் செல்லும்.

4. நம் பங்குக்கு நாமும் குற்றமில்லாதிருக்க வேண்டும். ஆற்றுக் கரையை வெட்டிச் சாகுபடிக்குச் சேர்ப்பதும், மருந்து டப்பாக்களை வாய்க்காலிற் கழுவுவதும், யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டு வடிகாலில் விடுவதும் தவிர்க்கத்தக்கவை. நகரத்தாரைக் குறை கூறும் நாம் அதே குறையைச் செய்தல் அழகன்று.

5. சுத்தி செய்யாத சாக்கடையைக் கீரை, வெள்ளரி முதலிய பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு ஒருபோதும் பாய்ச்சலாகாது. சுத்தி செய்த ஜலத்தைத் தீவனப்புல், மரப்பயிர் முதலியவற்றுக்கு உபயோகிப்பதற்கும், முன்னதாக விவசாய இலாகா உத்தியோகஸ்தரிடம் ஆலோசனை பெறுதல் நலம்.

முன்னாளில் கால்வாய்களைத் தூர் எடுப்பது குடிமராமத்தாகவே நடந்து வந்தது. வழக்கப்படி செய்ய வேண்டிய அவ்வேலையைச் செய்யத் தவறியவரிடம் பணம் வசூலிக்க 1858-ம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுத்தது. பின்னர் அவ்வழக்கம் தளர்ந்தது. 2017-ம் வருஷத்தில் மாநில சர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தனர். திருநெல்வேலி ஜில்லா நிர்வாகம் 2021-ம் வருஷத்தில் தொடங்கிய 'நெல்லை நீர்வளம்' என்ற முயற்சியும் குளங்களைச் சீர்படுத்துவதில் பொதுஜனங்களைச் சேர்த்துக்கொண்டது. மான்யப் பணம் ஒரு முறை வந்து போவது. வருஷாவருஷம் கரையைக் காப்பது அங்கே வசிப்பவர்களின் வேலை. அவ்வேலைக்கு ஆள் யார், பணம் எது என்பதைத் திட்டம் எழுதும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே திருநெல்வேலி நகரம் ஆற்றுக்காக மான்யம் கேட்கும்போது, அதை எதிர்ப்பதும் அசட்டை செய்வதும் கடைமடைக்கு நன்மையாகா. சாக்கடை விழும் ஒவ்வோர் இடமும் கணக்கிற் சேர்ந்ததா, கரையோர நிலம் எல்லை கட்டிக் காக்கப்படுமா, பராமரிப்புக்கு வருஷந்தோறும் பணம் ஒதுக்கப்படுமா, மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஜலம் சோதிக்கப்படுமா என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு சங்கமும் கேட்க வேண்டும். இந்நான்குக்கும் திருப்தியான விடை கிடைத்தால், அம்மான்யம் நகரத்துக்கு வந்ததேயாயினும் புன்னக்காயல் வரையுள்ள ஒவ்வொரு மடைக்கும் வந்ததாகவே கொள்ளலாம்.